ட்ரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்குப் புது டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் ட்ரக் வைத்துக்கொண்டு, அதன் பின்னால் கேம்பிங் ட்ரெய்லரோ படகோ தொழில் சாமான் ஏற்றிய வண்டியோ இழுக்கிற நம்மவர்களுக்காக இது. எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500, டுண்ட்ரா போன்ற 'ஹாஃப் டன்' வண்டிகளைத்தான் பெரும்பாலும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். அதைவிடப் பெரிய வண்டிக்காரர்களுக்குக் கீழே தனியாக ஒரு பதில் உண்டு. எடையைப் பவுண்டிலும் காற்றை பிஎஸ்ஐயிலும் சொல்கிறேன். இங்கே டயரிலும் கதவிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

"ட்ரெய்லர் இழுக்கிறீர்களா? அப்படியென்றால் பத்து ப்ளை டயர்தான் போட வேண்டும்" என்கிறார் கடைக்காரர். நிஜமா?

பாதி நிஜம். 'பத்து ப்ளை' என்பது பழைய காலத்துக் கணக்கு. டயருக்குள் பருத்தி நூல் அடுக்குகளை வைத்துச் செய்த நாட்களில் எத்தனை அடுக்கோ அவ்வளவு பலம். இன்று பாலியெஸ்டர் இழை அதே பலத்தை இரண்டு மூன்று அடுக்கிலேயே தந்துவிடுகிறது. கடையில் நிற்கும் 'பத்து ப்ளை' டயர் ஒன்றின் பக்கச்சுவரில் மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். பக்கச்சுவரில் 2 அல்லது 3 அடுக்கு பாலியெஸ்டர், மேல்பரப்பில் அதோடு 2 அடுக்கு ஸ்டீல் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கூட்டிப் பார்த்தாலும் பத்து வராது. 'பத்து ப்ளை' என்று வாயால் சொல்வதற்குச் சரியான பெயர் லோட் ரேஞ்ச் 'இ'.

அந்த எழுத்து என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு டயர் எவ்வளவு பாரம் சுமக்கும் என்பதை அதற்குள் அடைத்திருக்கும் காற்றுதான் முடிவு செய்கிறது. லோட் ரேஞ்ச் எழுத்து, அந்தக் கூடு எவ்வளவு காற்றைத் தாங்கும் என்று சொல்கிறது. பொதுவாக 'சி' என்றால் 50 பிஎஸ்ஐ, 'டி' என்றால் 65, 'இ' என்றால் 80. மிக அகலமான டயர்கள் சிலவற்றில் இந்த எண் குறையும். ஆகவே 'இ' டயரை வாங்கிவிட்டுப் பழையபடி 35 பிஎஸ்ஐ அடித்து ஓட்டினால் காசு கூடுதலாகப் போனதுதான் மிச்சம். பாரம் தாங்கும் திறன் முன்னைவிடக் குறைந்தும் போகலாம். கணக்கு கீழே வருகிறது.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

ஓட்டுநர் கதவைத் திறங்கள். கதவு வந்து பொருந்தும் தூணில் இரண்டு ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றில் டயர் அளவு, முன்பின் டயர்களுக்கான காற்றளவு, ஆட்களும் சாமானும் சேர்த்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்ற எண். மற்றொன்றில் வண்டியின் மொத்த எடை வரம்பும், முன் ஆக்சில், பின் ஆக்சில் ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய எடை வரம்பும். டயர் வாங்க உங்களுக்கு வேண்டியது பின் ஆக்சில் எண். ட்ரெய்லரின் பாரம் கடைசியில் போய் உட்காருவது அங்கேதான்.

பழைய டயரில் உள்ள அளவை அப்படியே எழுதிக்கொண்டு போகாதீர்கள். வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால், முந்தைய சொந்தக்காரர் கைக்கு வந்ததை மாட்டியிருக்கக்கூடும். கதவு ஸ்டிக்கர்தான் கம்பெனி சொன்னது.

என் ட்ரெய்லர் 7,000 பவுண்ட். ட்ரக் 11,000 பவுண்ட் இழுக்கும் என்று விளம்பரத்தில் இருக்கிறது. இதில் டயரைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது?

7,000 பவுண்டைச் சுமப்பது பெரும்பாலும் ட்ரெய்லரின் சொந்தச் சக்கரங்கள். ட்ரக்கின் டயர்கள் சுமப்பது, ட்ரெய்லரின் முன்முனை ஹிட்ச் பந்தின் (ட்ரக்கின் பின்னால் ட்ரெய்லரைக் கோக்கும் உருண்டை) மேல் அழுத்துகிற பாரத்தை. இதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். சாதாரண ட்ரெய்லரில் இது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். 7,000 பவுண்ட் ட்ரெய்லருக்கு 900 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 900 பவுண்ட் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே உட்காரவில்லை, அதற்கும் பின்னால் தொங்குகிறது. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைவெளி 145 அங்குலம், பின் ஆக்சிலிலிருந்து ஹிட்ச் பந்து 65 அங்குலம் தள்ளி இருக்கிறது என்றால், நெம்புகோல் கணக்குப்படி பின் ஆக்சிலில் ஏறுவது சுமார் 1,300 பவுண்ட். முன் ஆக்சிலிலிருந்து 400 பவுண்ட் குறைந்துவிடும். வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்பதும், ஸ்டீயரிங் லேசாகிவிட்டது போலத் தோன்றுவதும் இதனால்தான். எடையைப் பகிரும் ஹிட்ச், அதாவது இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் வைத்தது, இதில் ஒரு பகுதியை முன்னுக்கும் ட்ரெய்லர் சக்கரங்களுக்கும் திருப்பித் தள்ளும். முழுவதையும் அல்ல.

இதற்கு மேல்தான் நம் குடும்பம். கதவு ஸ்டிக்கரில் 1,500 பவுண்ட் என்று இருந்தால், டங் வெயிட் 900, ஹிட்ச் ஒரு 100 போக மீதி 500. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் கோடையில் ஆறு பேர் ஏறி, பின்னால் ஐஸ் பெட்டி, பிரியாணி அண்டா, கேஸ் அடுப்பு என்று ஏற்றினால் கணக்கு முடிந்தது. 11,000 என்ற விளம்பர எண்ணை நெருங்குவதற்கு வெகு முன்பே இந்த 1,500 தீர்ந்துவிடும்.

பின் ஆக்சிலில் எவ்வளவு ஏறுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எடை போட்டுத்தான். நெடுஞ்சாலையோர ட்ரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். பயணத்துக்குக் கிளம்புவது போலவே ஆட்கள், தண்ணீர், சாமான், முழு டேங்க் எரிபொருளோடு போங்கள். முன் சக்கரங்கள் ஒரு தட்டில், பின் சக்கரங்கள் அடுத்ததில், ட்ரெய்லர் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்துங்கள். அழைப்புப் பொத்தான் பெரிய லாரி ஓட்டுநரின் ஜன்னல் உயரத்தில் இருக்கும். பிக்கப்பிலிருந்து எட்டாது, இறங்கித்தான் அழுத்த வேண்டியிருக்கும். உள்ளே போனால் சீட்டு ஒன்று தருவார்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர், மொத்தம் என்று தனித்தனியாக இருக்கும். ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஒரு முறை போட்டால், ட்ரெய்லர் உங்கள் பின் ஆக்சிலுக்குச் செய்வது என்ன என்று பவுண்ட் கணக்கில் தெரிந்துவிடும். மறு எடைக்குக் கட்டணம் குறைவு.

ஆயிரம் டாலருக்கு மேல் டயருக்குக் கொடுக்கப் போகிறவர் இந்தச் சின்னச் செலவைத் தவிர்ப்பது எனக்குப் புரிவதேயில்லை.

'பி' டயர், 'எல்டி' டயர் என்கிறார்களே. அளவு ஒன்றாகத்தானே இருக்கிறது?

அளவு ஒன்று, கணக்கு வேறு. ஹாஃப் டன் வண்டிகளில் பரவலாக வரும் 275/65ஆர்18 அளவையே எடுத்துக்கொள்வோம்.

கம்பெனியிலிருந்து வருவது பெரும்பாலும் பயணி வாகன வகை, அதாவது 'பி' டயர். அதன் சுமை எண் 116. இது 2,756 பவுண்டைக் குறிக்கும். ஆனால் அந்த எண் காருக்கு. கார் டயரை ட்ரக்கில் மாட்டினால் 1.1ஆல் வகுத்துத்தான் கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. வகுத்தால் ஒரு டயருக்கு 2,505 பவுண்ட். பின் ஆக்சிலில் இரண்டு டயர், 5,010 பவுண்ட். உங்கள் பின் ஆக்சில் வரம்பு 4,050 என்றால் கம்பெனி டயரிலேயே ஏறக்குறைய ஆயிரம் பவுண்ட் மிச்சம் இருக்கிறது.

இப்போது அதே அளவில் எல்டி, அதாவது 'லைட் ட்ரக்' வகை, லோட் ரேஞ்ச் 'இ'. 80 பிஎஸ்ஐயில் ஒரு டயர் 3,415 பவுண்ட் சுமக்கும். இரண்டுக்கு 6,830. ஆஹா என்று தோன்றும். அதே டயரில் 50 பிஎஸ்ஐ இருந்தால் 2,535 பவுண்டுதான், கம்பெனி டயரோடு சரிசமம். கதவு ஸ்டிக்கரைப் பார்த்து 35 அடித்தால் சுமார் 2,000. இரண்டு டயருக்கு 4,000. பின் ஆக்சில் வரம்பான 4,050ஐக்கூட அது எட்டவில்லை. 'பலமான டயர் போட்டாச்சு' என்ற தைரியத்தில் கூடுதலாக ஏற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அப்போது எல்டி டயருக்கு எவ்வளவு காற்று?

டயர் கம்பெனியின் சுமை அட்டவணை சொல்வதுதான். உங்கள் அளவுக்கு ஒவ்வொரு 5 பிஎஸ்ஐக்கும் எவ்வளவு பாரம் என்று அதில் இருக்கும். பழைய டயர் ஸ்டிக்கர் அழுத்தத்தில் சுமந்த பாரத்துக்குக் கீழே போகாமல் இருப்பது முதல் விதி. மேலே சொன்ன வண்டிக்கு அது 50 பிஎஸ்ஐ. ட்ரெய்லர் மாட்டும்போது பின்பக்கம் 55, 60 என்று ஏற்றினால் பக்கச்சுவர் இறுகி வண்டி இன்னும் நிதானமாக நிற்கும். வெறும் வண்டிக்கு 80 அடிப்பது வீண். பின்பக்கம் துள்ளும், நடுப்பகுதி மட்டும் தேயும், ஈரத்தில் பிடிப்பு குறையும்.

காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். ஓடிய டயரில் அழுத்தம் ஏறியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிடாதீர்கள். வெளி வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். செப்டம்பரில் டொராண்டோவில் சரியாக இருந்தது ஜனவரியில் சரியாக இருக்காது.

காற்று கொஞ்சம் குறைந்தால் என்ன பெரிய ஆபத்து?

சூடு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடங்கல் வெப்பமாகிறது. அதோடு பாரமும் வேகமும் டெக்சாஸ் ஜூலை வெயிலும் சேர்ந்தால் ஸ்டீல் பெல்ட்டுக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு விட்டு மேல்பட்டை உரிந்து பறக்கும்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று ஃபயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது பலருக்கு நினைவிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் ஓடியவை. விபத்துகள் டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா போன்ற வெயில் மாநிலங்களில் குவிந்தன. அந்த வண்டிக்கு ஃபோர்டு சொன்ன காற்றளவு 26 பிஎஸ்ஐ. அது போதுமா என்று இரண்டு கம்பெனிகளும் வெளிப்படையாகவே மோதிக்கொண்டன. தயாரிப்புக் குறை, குறைந்த காற்று, வெயில், வேகம், பாரம் எல்லாம் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நன்றாக ஆராயப்பட்ட வழக்கு இல்லை. அதே ஆண்டு வந்த சட்டத்தின் பலன்தான் இன்று டேஷ்போர்டில் எரியும் காற்று எச்சரிக்கை விளக்கு.

அந்த விளக்குதான் இருக்கிறதே. காற்று குறைந்தால் சொல்லிவிடாதா?

கம்பெனி டயருக்குச் சொல்லும். எல்டிக்கு மாறிய பின் அதை நம்ப முடியாது. ஸ்டிக்கரில் உள்ள அளவிலிருந்து 25 சதவீதம் இறங்கினால் எரிய வேண்டும் என்பதுதான் விதி. ஸ்டிக்கர் 35 என்றால், விளக்கு எரிவது 26 வாக்கில். உங்கள் எல்டி டயருக்கு வேண்டியது 50. ஆணி ஏறி அது 30க்கு வந்திருக்கும், பின்னால் ட்ரெய்லர் ஆடிக்கொண்டிருக்கும், டேஷ்போர்டு ஒன்றும் சொல்லாது. சில வண்டிகளில் இந்த எல்லையை மாற்றி அமைக்கலாம். டயர் போடும்போதே அங்கே அது முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் நல்ல காற்றுமானி ஒன்று வாங்கி கிளவ் பாக்ஸில் போட்டு, கிளம்பும் ஒவ்வொரு காலையும் பாருங்கள். ஒவ்வொரு டயரின் எண்ணையும் திரையில் காட்டும் வண்டி என்றால் இன்னும் நல்லது, விளக்கை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

'இ' டயர் போட்டால் இன்னும் கனமான ட்ரெய்லர் இழுக்கலாமா?

இழுக்க முடியாது. ஆக்சில், ஸ்பிரிங், பிரேக், வண்டியின் அடிச்சட்டம், ஹிட்ச் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. கதவு ஸ்டிக்கர் எண் ஒரு பவுண்ட்கூட ஏறாது.

லாரி பக்கத்தில் கடந்து போனால் ட்ரெய்லர் வாலாட்டுகிறது. டயர் மாற்றினால் நிற்குமா?

குறையலாம், நிற்காது. ட்ரெய்லர் ஆடுவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் டங் வெயிட் குறைவாக இருப்பது. சாமானை ட்ரெய்லரின் பின்பக்கம் ஏற்றியிருப்பார்கள். அதைச் சரிசெய்யுங்கள், ஹிட்ச்சைச் சரியாக அமையுங்கள், வேகத்தைக் குறையுங்கள். அதற்குப் பிறகும் ட்ரக்கின் பின்பகுதி மெத்தென்று பக்கவாட்டில் நகர்வது போல இருந்தால், அது 'பி' டயரின் மெல்லிய பக்கச்சுவராக இருக்கலாம். அங்கே எல்டி டயருக்கு நிஜமான வேலை இருக்கிறது.

ஒன்று கவனியுங்கள். புது டயர், அதுவும் ஆழமான பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) வைத்த, எல்லாத் தரைக்குமான ஆல்-டெரெய்ன் டயர், முதல் சில நூறு மைலுக்குப் பழைய தேய்ந்த டயரைவிட அதிகமாகவே நெளியும். டயர் மாற்றிய மறுநாளே ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு ஸ்மோக்கி மலைக்குக் கிளம்பாதீர்கள்.

சரி, கடைசியில் 'பி'யா எல்டியா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரு வார்த்தையில் வராது. என் தீர்ப்பைச் சொல்கிறேன். ட்ரெய்லர் 5,000 பவுண்டுக்குள், வருடத்தில் சில வார இறுதிகள் மட்டும், மற்ற நாளெல்லாம் ஆபீஸ், பள்ளிக்கூடம், கோயில் என்றால் கம்பெனி போட்ட வகையே போதும். அல்லது 'எக்ஸ்எல்' என்ற நடுத்தர வகையைப் பாருங்கள், அது 41, 42 பிஎஸ்ஐ வரை ஏற்கும். சவாரி கெடாது, பெட்ரோலும் அதிகம் குடிக்காது.

எடைச் சீட்டில் பின் ஆக்சில் தன் வரம்பை ஒட்டி நிற்கிறது, அடிக்கடி இழுக்கிறீர்கள், ஜல்லிச் சாலை, கட்டுமான இடம், மலைப்பாதை என்று போகிறீர்கள் என்றால் எல்டி. அதிலும் உங்கள் அளவில் 'சி' கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள். ஹாஃப் டன் வண்டிக்குப் பல நேரங்களில் அதுவே போதும், 'இ' அளவுக்குக் கனமும் இல்லை. ஆனால் 'சி' எல்லா அளவிலும் வருவதில்லை, அதனால்தான் கடைக்காரர் 'இ'யை நீட்டுகிறார்.

'இ' டயர் ஒவ்வொன்றும் கம்பெனி டயரைவிடப் பத்து பதினைந்து பவுண்ட் கனமாக இருக்கும். வண்டி கிளம்புவதிலும் நிற்பதிலும் அது தெரியும். பின்சீட்டில் உட்காரும் மாமியாருக்கும் தெரியும்.

ஹைவே டயரா, ஆல்-டெரெய்னா, மட்-டெரெய்னா?

தார்ச்சாலையில் இழுப்பவருக்கு ஹைவே டயர். சத்தம் குறைவு, நெடுநாள் உழைக்கும், மழையில் நன்றாக நிற்கும். மிஷெலின் டிஃபென்டர் எல்டிஎக்ஸ் இந்த வகையில் பலர் கேட்டு வாங்குவது. ஃபயர்ஸ்டோன் ட்ரான்ஸ்ஃபோர்ஸ் எச்டி வேலை வண்டிக்காரர்கள் விரும்புவது. படகை இறக்கும் வழுக்குச் சரிவு, ஈரப்புல் கேம்ப் மைதானம், பனி என்று ஏதாவது ஒன்று உங்கள் வாழ்க்கையில் அடிக்கடி வருமானால் ஆல்-டெரெய்ன். ஃபால்கன் வைல்ட்பீக் போன்றவை அங்கே காசுக்கு ஏற்றவை. மட்-டெரெய்ன் ட்ரெய்லர் இழுப்பதற்கானது அல்ல. பார்க்க அழகாக இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

டயரின் தேய்மான எண்ணை வைத்து ஒப்பிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: 'பி' டயரில் பக்கச்சுவரிலேயே தேய்மானம், பிடிப்பு, வெப்பம் மூன்றுக்கும் தரக்குறி இருக்கும். எல்டி டயருக்கு அந்தச் சட்டம் கிடையாது, ஆகவே குறியும் இருக்காது. மைலேஜ் உத்தரவாதத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

35 அங்குல டயர் போட ஆசை.

வீட்டில் அனுமதி கிடைத்தால் போடுங்கள், ட்ரெய்லரை மறந்துவிட்டு. 275/65ஆர்18 டயரின் உயரம் சுமார் 32.1 அங்குலம். அதை 35 ஆக்கினால் பின் ஆக்சில் கியர் விகிதம் 3.55 உள்ள வண்டி 3.26 உள்ளது போல இழுக்கும். மேடு ஏறும்போது திணறும், கியர்பாக்ஸ் சூடாகும், பிரேக் பிடிக்கத் தூரம் கூடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் 65ஐத் தாண்டியிருக்கும். கம்ப்யூட்டரில் மீட்டரைத் திருத்தலாம், கியரைத் திருத்த முடியாது.

அளவுக்குப் பின்னால் வரும் ஆர் (R), எஸ் (S), டி (T) எழுத்துகள்?

வேக வரம்பு. க்யூ 99 மைல், ஆர் 106, எஸ் 112, டி 118. எல்டி டயர்களில் கம்பெனி டயரைவிட ஒரு படி குறைந்த எழுத்து வருவது சகஜம். சில கடைகள் அதைக் காரணம் காட்டி மாட்ட மறுக்கும். ட்ரெய்லரோடு 106 மைலில் போகிறவருக்கு டயர் ஆலோசனை தேவையில்லை, வேறு ஆலோசனை தேவை.

ரிம்மையும் மாற்ற வேண்டுமா?

பொதுவாக வேண்டாம், ஆனால் பார்க்க வேண்டும். ரிம்முக்கும் தனியாகச் சுமை வரம்பு உண்டு, பின்பக்கம் பொறித்திருப்பார்கள். ஹாஃப் டன் வண்டியோடு வந்த எல்லா ரிம்மும் 80 பிஎஸ்ஐக்குச் செய்தவை அல்ல.

ரிம்மைவிட அதிகம் மறக்கப்படுவது வால்வு. காரில் வரும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான். அதற்கு மேல் அடிக்கப் போகிறீர்கள் என்றால் உயர் அழுத்த வால்வோ, நட்டு வைத்து இறுக்கும் உலோக வால்வோ போடச் சொல்லுங்கள். கடையில் இதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

புது டயர் என்று விற்கிறார்கள். நிஜமாகவே புதிதா என்று எப்படிப் பார்ப்பது?

பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2224 என்றால் 2024ஆம் ஆண்டின் 22வது வாரம் செய்தது. முழுக் குறியீடு ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மாட்டிய பிறகு அது உட்பக்கம் போய்விட்டால் ஜாக்கி போட்டு அடியில் படுத்துப் பார்க்க வேண்டியதாகிவிடும், ஆகவே மாட்டும் முன் பாருங்கள். ஒரு வருடம் கிடங்கில் இருந்த டயரால் ஒன்றுமில்லை. மூன்று வருடம் என்றால் நான் வேறு கேட்பேன்.

ட்ரெய்லர் இழுப்பவர்களின் டயர் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. ஃபோர்டு போன்ற கம்பெனிகள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. மிஷெலின் பத்து வருடத்தைக் கடைசி எல்லை என்கிறது. பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும் சரி. அடியில் விரிசல் ஓடத் தொடங்கியிருந்தால் வருடக் கணக்கும் வேண்டாம்.

பல மாநிலங்களில் சட்டப்படி குறைந்தபட்ச ஆழம் ஒரு அங்குலத்தில் 32ல் 2 பங்கு. ஒரு சென்ட் நாணயத்தில் லிங்கன் தலையைக் கீழாகப் பள்ளத்தில் செருகினால் தலை முழுதும் தெரியக்கூடாது. ட்ரெய்லரோடு மழையில் போகிறவர் அதுவரை காத்திருப்பது சரியில்லை. கால் டாலர் நாணயத்தில் வாஷிங்டன் தலை தெரிந்தால், அதாவது 32ல் 4 பங்குக்கு வந்தால், மாற்றுங்கள்.

பின்பக்கம் இரண்டு மட்டும் மாற்றலாமா?

டூ-வீல் டிரைவ் என்றால், அதே வகையில் அதே அளவில், பின்பக்கத்துக்குப் போடலாம். ஃபோர்-வீல் டிரைவ் என்றால் நான்கும். முன்னால் 'பி', பின்னால் எல்டி என்று கலந்து போடாதீர்கள். வளைவில் இரண்டு முனையும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். இழுக்கும் வண்டியில் பின் டயர்தான் சீக்கிரம் தேயும், ஆகவே 5,000 மைலுக்கு ஒரு முறை முன்பின் மாற்றிப் போடுங்கள். மாற்றிப் போடும்போது காற்றளவையும் மாற்ற மறக்கும் கடைகள் உண்டு.

என்னுடையது எஃப்-250. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

உங்கள் வேலை சுலபம். வண்டி எல்டி 'இ' டயரோடுதான் வந்திருக்கும், கதவு ஸ்டிக்கரும் அதற்கான அழுத்தத்தைத்தான் சொல்லும். அதே அளவு, அதே லோட் ரேஞ்ச், அதற்குக் குறையாத சுமை எண். மலிவாகக் கிடைக்கிறது என்று 'பி'யோ எக்ஸ்எல்லோ போடவே கூடாது.

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியா? சுமை எண் 121/118 என்று இரண்டாக இருக்கும். முதலாவது ஒற்றையாக மாட்டினால் 3,195 பவுண்ட். இரண்டாவது ஜோடியாக மாட்டினால் ஒவ்வொன்றும் 2,910. ஜோடி டயர் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து ஒன்று புதிது என்றால் உயரமானதுதான் முழுப் பாரத்தையும் சுமக்கும். உள் சக்கரத்தில் காற்று இறங்கினால் வெளியிலிருந்து தெரியாது, கையை விட்டு அளந்தே ஆக வேண்டும்.

ட்ரெய்லர் டயர் மலிவாக இருக்கிறதே, ட்ரக்கில் போடலாமா?

'எஸ்டி' என்று தொடங்கும் டயர் ட்ரெய்லருக்கு மட்டும். திருப்புவதற்கும் இழுப்பதற்கும் அது செய்யப்படவில்லை. ட்ரக் டயரை ட்ரெய்லரில் போடலாம், சுமை எண் போதுமானால். எஸ்டி டயரில் வேறு வேகம் குறிப்பிடாவிட்டால் 65 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பதையும், அதற்குப் பக்கச்சுவரில் போட்ட அதிகபட்சக் காற்றையே அடிக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் இருக்கிறேன். பனிக்கு?

மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் படம் பொறித்த டயரா என்று பாருங்கள். எம்+எஸ் (சேறு, பனி) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது பனியில் சோதித்த டயர் என்று அர்த்தமில்லை. கியூபெக்கில் பதிவான வண்டிக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும்பாலான மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல்; அங்கே எம்+எஸ் எழுத்தையும் ஏற்கிறார்கள், ஆனால் 3.5 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். ஒண்டாரியோவில் கட்டாயமில்லை, குளிர்கால டயர் போட்டவருக்கு இன்சூரன்ஸ் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். படம் பொறித்த ஆல்-டெரெய்ன் டயர் வருடம் முழுவதும் ஓடும். நிஜமான ஐஸில் தனிக் குளிர்கால டயருக்கு அது ஈடாகாது.

டயர் மாட்டிய பிறகு ஏதாவது உண்டா?

வீல் நட்டுகளை ஐம்பது முதல் நூறு மைல் ஓட்டிய பின் மறுபடி டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) பாருங்கள். இன்றைய எஃப்-150க்கு 150 அடி-பவுண்ட், சில்வராடோ 1500க்கு 140. ட்ரெய்லரோடு இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அலைன்மென்ட்டும் அப்போதே பார்த்துவிட்டால் நல்லது.

டயரின் டிஓடி எண்ணைத் தயாரிப்பாளரிடம் பதிவு செய்யுங்கள். கடைக்காரர் அதற்கான அட்டையைத் தர வேண்டும், அல்லது தானே பதிவு செய்ய வேண்டும். நாளைக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் கடிதம் உங்கள் வீட்டுக்கு வருவது இதனால்தான்.

ஸ்டெப்னியை விட்டுவிட்டேனே?

எல்லோரும் விடுவார்கள். பின்பக்கச் சாமான் தொட்டியின் அடியில் சங்கிலியில் தொங்கும் அந்தச் சக்கரத்தின் தேதியைப் பாருங்கள். பல வண்டிகளில் அது வண்டியின் வயதேதான் இருக்கும். நீங்கள் எல்டிக்கு மாறி அது 'பி'யாகவே இருந்தால், பின்பக்கம் பஞ்சரானபோது ட்ரெய்லரோடு அதை மாட்டி நெடுந்தூரம் போக முடியாது. பழைய நான்கில் நல்லதாக இருந்ததை ஸ்டெப்னியாக்குவதைவிட, பட்ஜெட்டில் ஐந்தாவது டயரையும் சேர்த்துக்கொள்வது நல்லது. சங்கிலியை இறக்கும் கம்பி சீட்டுக்கு அடியில் இருக்கும். உப்புச் சாலை ஊர்களில் அந்த இறக்கும் பொறி துருப்பிடித்து இறுகிவிடும், ஆகவே வருடத்துக்கு ஒரு முறை இறக்கி எண்ணெய் விட்டு, காற்றளந்து ஏற்றிவிடுங்கள்.